என்ன சொன்னால் பாப்பாவைத் தருவீர்கள்

மலைமேல் இருந்த அந்தக் கன்னியர் மடத்துக்குள் மேகம் கேட் வழியாகவே வரும். வந்துவிட்டால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மடத்தின் தலைவி மதர் அகுஸ்தீனா. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் துறவற வாழ்வைப் பயின்றுகொண்டிருந்த சிஸ்டர் தெக்லாவோ அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் இறந்த பிறகு, பிள்ளைகள் இல்லாத வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு மலையேறி வந்தவர். அதற்கு முன் சர்க்கார் வக்கீல். விசாரணைக் கமிஷன்களில் வாய் திறக்காதவர்களை வாய் திறக்கவைத்தே பெயர் வாங்கியவர்.

"எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது, மதர். கேள்வி கேட்கத்தான் வருது" என்று வந்த அன்றே சொன்னார்.

"கேளுங்க. யார்கிட்ட கேட்கிறோம்னு மட்டும் பார்த்துக்குங்க" என்றார் மதர்.

மடத்தோடு சேர்ந்து ஒரு குழந்தைகள் இல்லம் இருந்தது. பனிக் காலத்தில் ஒவ்வொரு தொட்டிலிலும் குழந்தையின் கால்மாட்டில் ஒரு சுடுதண்ணிப் பாட்டில் வைப்பார்கள். சமையலறையில் நிரப்பி, பிளானல் துணி சுற்றிக் கட்டி, கூடையில் அடுக்கிக் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் விடியும் முன் செசில் என்ற கைக்குழந்தை வீறிட்டான். பாட்டிலில் துணி இல்லை. வெறும் கண்ணாடியில் பட்டு, ஒரு கால் முழங்கால் வரை வெந்துபோயிருந்தது. கால் தப்பிவிடும், தழும்பு தப்பாது என்றார் டாக்டர்.

மறைமாவட்ட ஆயர் இல்லத்திலிருந்து கேள்வி வந்தது. விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். மதர் அந்த வேலையைத் தெக்லாவிடம் கொடுத்தார்.

செசிலுக்குக் கால் வெந்த இரவில் தொட்டில் அறையில் இருந்தவள் பிரகாசி. அந்த இல்லத்திலேயே வளர்ந்தவள். ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனவன், திரும்பவில்லை. பிரகாசி இடுப்பில் ஜெனோ என்ற பெண்குழந்தையோடு திரும்பிவந்து, வளர்ந்த இடத்திலேயே ஆயா வேலைக்குச் சேர்ந்தாள்.

இல்லத்தில் ஒரு விதி உண்டு. குழந்தைக்குத் தீங்கு செய்தவள் வேலையை விட்டுப் போக வேண்டும். அப்படிப்பட்டவள் கையில் எந்தக் குழந்தையையும் கொடுத்தனுப்பக் கூடாது. சொந்தக் குழந்தையாக இருந்தாலும்.

அதனால் தெக்லா பிரகாசியை விறகு அறையில் தனியாக இருக்கச் சொன்னார். ஜெனோவை வேறு ஆயாவிடம் கொடுத்தார். பால் குடிக்கும் பிள்ளை. அழுகை சுவர்களைத் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, வெளியாட்களை உட்காரவைக்கும் முன்கூடமான பார்லரில் ஒரு மேசை போட்டார்கள். சிஸ்டர்கள் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். பிரகாசியைக் கூட்டிவந்தார்கள். ரவிக்கையின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"உன்னை ஏன் கூப்பிட்டோம் தெரியுமா?" என்றார் தெக்லா.

பிரகாசி முழங்காலில் விழுந்தாள்.

"துணி சுற்றாத பாட்டிலைத் தொட்டிலில் வைத்தது யார்?"

பிரகாசி குனிந்து தரையை முத்தமிட்டாள். "என் குற்றந்தான், தாயே."

விசாரணை முடிந்தது. பார்லரில் காலை காப்பிகூட இன்னும் வந்திருக்கவில்லை.

மதர் தொட்டில் அறையில் இருந்தார். செசிலை மடியில் போட்டு, கட்டுப்போட்ட காலில் எதுவும் படாதபடி பிடித்துக்கொண்டிருந்தார். தெக்லா வாசலில் நின்றே சொன்னார்.

"ஒப்புக்கொண்டாள், மதர்."

"சீக்கிரமா முடிஞ்சிருச்சே."

"முறை அப்படி. எதற்குக் கூப்பிட்டோம்னு முதல்ல சொல்லக் கூடாது. ஒரு ராத்திரி தனியா விட்டுடணும். ஆள் தனியா இருந்தா மனசே நமக்கு வக்கீல் வேலை பார்க்கும்."

"கமிஷன்ல கத்துக்கிட்டதா?"

"அதுக்கும் பழசு. நம்ம திருச்சபையே ஒரு காலத்துல இப்படித்தான் விசாரிச்சது."

"ஆமா, படிச்சிருக்கேன். அதுல எத்தனை பேர் இல்லைன்னு சொன்னாங்க?"

"ரொம்பக் குறைவு."

"ம்." மதர் குழந்தையின் நெற்றியைத் துடைத்தார். "மத்தவங்களையும் கேட்டுருங்க, சிஸ்டர்."

"எதுக்கு? அதான் முடிஞ்சிருச்சே."

"அதே மேசை. அதே கேள்வி. ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்."

தெக்லாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனார்.

முதலில் சமையலறை சிஸ்டர் சவேரியாள். பாட்டில்களை நிரப்பித் துணி சுற்றுவது அவர் வேலை. கேள்வி முடியும் முன்பே மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்காலில் இறங்கினார்.

"என் குற்றந்தான், தாயே." தரையை முத்தமிட்டார். அதே மூச்சில், "எந்திரிக்கட்டுமா? அடுப்புல பருப்பு இருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டா அதுவும் என் குற்றம் ஆயிரும்."

"இருங்க. துணி சுத்தாம அனுப்பினீங்களா?"

"யாருக்குத் தெரியும்? சுத்துனேன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் ஏன் உங்க குற்றம்னு சொன்னீங்க?"

"நல்லா இருக்கே கதை! நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

அடுத்தது கூடையைத் தூக்கிவரும் சிஸ்டர் புளோரா. அவரும் அதையே சொன்னார். தோட்டத்து சிஸ்டரும் அதையே சொன்னார். அவர் தொட்டில் அறைக்குள் கால் வைத்ததே இல்லை.

கடைசியில் தெக்லா படுக்கையிலேயே கிடக்கும் சிஸ்டர் பெனதிக்தாவின் அறைக்குப் போனார். போகாமல் விட்டிருக்கலாம். கோபத்தில் போனார். கேள்வியைக் கேட்டதும் கிழவி இரண்டு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தார். முடியவில்லை.

"என் குற்றந்தான், தாயே" என்றார். பிறகு அழ ஆரம்பித்தார். "முழங்கால் போட முடியலியே. இதையும் சேர்த்துக்கம்மா."

சாப்பாட்டு அறையில் அன்று தெக்லாவின் இரண்டு பக்க நாற்காலிகளும் காலியாக இருந்தன. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. விசாரிப்பவர் பக்கத்தில் உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தில் மதரின் இரு பக்கமும் காலியாக இருந்தது. அது எப்போதும் அப்படித்தான்.

சாப்பிட்டதும் தெக்லா தொட்டில் அறைக்கு வந்தார்.

"இந்த வீட்ல எல்லாருமே செஞ்சிருக்காங்க, மதர். படுக்கையை விட்டு எழாத கிழவிகூட. யாரை அனுப்பட்டும்?"

"ஏன் அப்படிச் சொல்றாங்க?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க வெள்ளிக்கிழமைக் கூட்டம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மடத்தில் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் நடுவில் முழங்கால் போடுவார். அவர் செய்த குறையை மற்றவர்கள் சொல்வார்கள். சொல்லப்பட்டது பொய்யாக இருந்தாலும் மறுக்கக் கூடாது. என் குற்றந்தான், தாயே என்று தரையை முத்தமிட்டு எழுந்துவிட வேண்டும். தாழ்ச்சி பழகுவதற்காக ஏற்பட்ட வழக்கம். இல்லத்துப் பிள்ளைகளையும் பேசப் பழகும் வயதிலிருந்தே அதில் நிறுத்துவார்கள்.

"கோர்ட்ல இப்படி ஒப்புதல் வந்தா என்ன செய்வீங்க?"

"தள்ளிருவோம்."

"பிரகாசியோடதை?"



"அவ விஷயம் வேற, மதர். ராத்திரி முழுக்க அந்த அறையில இருந்தவ அவதான். அதோட, அவ தரையை முத்தம் கொடுத்தப்போ உடம்பே நடுங்குச்சு. மத்தவங்க யாரும் நடுங்கல."

"மத்தவங்க பிள்ளையை யாரும் வாங்கி வெக்கலையே, சிஸ்டர்."

ஜெனோவின் அழுகை கேட்டது. இப்போது அது அழுகைபோலவே இல்லை. கரகரவென்று ஏதோ அறுப்பதுபோல இருந்தது.

தெக்லா விறகு அறைக்குப் போனார். மேகம் கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்திருந்தது. பிரகாசி விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து, அழுகை வரும் திசையில் காதை வைத்திருந்தாள். தெக்லாவைப் பார்த்ததும் முழங்கால் போட இறங்கினாள்.

"வேண்டாம். உட்காரு. இது வெள்ளிக்கிழமைக் கூட்டம் இல்ல. இங்க இல்லைன்னும் சொல்லலாம். புரியுதா?"

"புரியுது, சிஸ்டர்."

"நீ செஞ்சியா?"

"செஞ்சேன்னு சொல்லட்டுமா?"

"நான் சொல்றதைச் சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொல்லு."

"அப்ப செய்யல, சிஸ்டர்."

"இப்ப ஏன் மாத்துற?"

பிரகாசி அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஏதாவது எழுதியிருக்குமா என்று தேடுவதுபோலப் பார்த்தாள்.

"என்ன சொன்னா பாப்பாவத் தருவீங்க, சிஸ்டர்? அதச் சொல்றேன். செஞ்சேன்னு சொன்னா தருவீங்களா, செய்யலன்னு சொன்னா தருவீங்களா? எனக்குத் தெரியல. நீங்களே சொல்லிக் குடுங்க. ஒரு எழுத்து மாறாம சொல்றேன்."

தெக்லா கமிஷன்களில் கெட்டிக்காரச் சாட்சிகளைப் பார்த்திருக்கிறார். பொய்யைப் பாடமாக ஒப்பித்தவர்களை ஒரே கேள்வியில் உடைத்திருக்கிறார். இந்தப் பெண்ணிடம் அடுத்த கேள்வி எது என்று அவருக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தாமல் வெளியே வந்தார்.

"மதர், இனிமே அவகிட்ட எதைக் கேட்டும் பிரயோஜனம் இல்ல. அவ என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்றா. எப்படிக் கேட்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

மதர் செசிலைத் தொட்டிலில் விட்டார். எழுந்து, ஜெனோ இருந்த அறைக்குப் போனார். கத்திக் கத்தி முகம் கருத்துப்போயிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்லருக்கு வந்தார்.

"எல்லாரையும் வரச் சொல்லுங்க. பிரகாசியையும்."

வந்தார்கள். சவேரியாள் கையில் மாவோடு வந்தார். பிரகாசி வாசலில் நின்றாள். பிள்ளையைப் பார்த்ததும் கைகள் தாமாக நீண்டன. பிறகு யாரோ அடித்ததுபோல அவற்றை மடக்கிக்கொண்டாள்.

மதர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். ஜெனோவை மடியில் வைத்தார்.

"இது உன் பிள்ளை. உன்கிட்டதான் இருக்கும். நீ செஞ்சிருந்தாலும் சரி, செய்யலைன்னாலும் சரி, சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. எல்லாரும் கேட்டுக்குங்க. இது என் வாக்கு."

சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. தெக்லா மதரின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"என்ன செய்றீங்க, மதர்? தீர்ப்பை முதல்ல சொல்லிட்டா விசாரணை எதுக்கு?"

"இப்ப போய்க் கேளுங்க."

"விதி இருக்கு."

"இருக்கு. கேளுங்க, சிஸ்டர்."

தெக்லா மேசைக்குப் பின்னால் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் பிரகாசியின் அருகில் போட்டுக்கொண்டார். ஆனால் கேட்கவில்லை. பிள்ளை முந்தானைக்குள் புகுந்து பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் அதுதான் கேட்டது.

"அன்னைக்கு ரொம்பக் குளிரா இருந்துச்சு இல்ல?" என்றார் கடைசியில்.

பிரகாசி தலையசைத்தாள். பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டு, அங்கிருந்தே பேசினாள்.

"இவளுக்குக் காலு ஐஸா இருந்துச்சு, சிஸ்டர். நான் தரையில பாய் போட்டுப் படுப்பேன், இவளும் கூட. தேச்சுத் தேச்சுப் பாத்தேன், சூடு ஏறல. ஒதடு நீலமாயிருச்சு. செசில் நல்லாத் தூங்கிட்டிருந்தான். அவன் பாட்டில்ல இருந்த துணியை அவுத்தேன். சூடா இருந்துச்சு. இவ காலுல சுத்துனேன். பாட்டிலை அவன் காலுக்கு எட்டாம தள்ளித்தான் வெச்சேன். கொஞ்ச நேரம், சூடு ஏறுனதும் திருப்பிச் சுத்திரலாம்னு இருந்தேன். கண்ணு சொருகிருச்சு. பாட்டில் எப்ப உருண்டுச்சோ தெரியல. அவன் கத்துனதும்தான் முழிச்சேன். துணிய அவுத்து இடுப்புல சொருகிக்கிட்டு ஓடுனேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஓடுனேன், சிஸ்டர். அவன தூக்குறதுக்கு முன்னாடி துணிய ஒளிச்சேன்."

பிள்ளையின் காலை முந்தானையால் மூடினாள்.

"அதுதான் மனசப் போட்டு அறுக்குது. துணி எடுத்ததைக் கூட விடுங்க. மொதல்ல அவனத் தூக்கல."

"அடிப் பாவி" என்றார் சவேரியாள். சொல்லிவிட்டு மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டார்.

மதர் கேட்டார். "ஜெனோவுக்கு ஏன் பாட்டில் இல்ல?"

பிரகாசிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அது இல்லத்துப் பிள்ளைகளுக்கு, மதர். இவ ஆயா பிள்ளை."

"அப்படின்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. எப்பவுமே அப்படித்தான்."

மதர் எல்லோரையும் போகச் சொன்னார். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வழக்கமாகப் படிக்கட்டில் பேசிக்கொண்டே போகிறவர்கள், அன்று இடைவெளி விட்டுத் தனித்தனியாகப் போனார்கள். பிரகாசியும் பிள்ளையோடு எழுந்து போனாள்.

தெக்லாவும் மதரும் தொட்டில் அறைக்கு வந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் நின்றது.

"காலையில சொன்னதும் இதேதான், மதர். என் குற்றம்னு சொன்னா. இப்பவும் அவ குற்றம்தான். அப்ப நான் செஞ்சதுல என்ன தப்பு?"

"காலையில துணி எங்க இருந்துச்சுன்னு சொன்னாளா?"

"இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"ஒப்புக்கொண்ட பிறகு யாரும் கேட்கிறதில்ல, மதர்."

சொன்ன பிறகுதான் அது தெக்லாவின் காதிலேயே விழுந்தது. அவர் ஒப்புதல் வாங்கிய முகங்கள் எத்தனையோ. அதற்குப் பிறகு என்ன கேட்டிருக்கலாம் என்று ஒருவரைப் பற்றியும் அவர் யோசித்ததில்லை. மதர் அவரைப் பார்க்காமல் தொட்டில் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஆயருக்கு என்ன சொல்றது?"

"அவ சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஆயா பிள்ளைக்குப் பாட்டில் கிடையாதுங்கிறதையும் சொல்லுங்க. கேட்கிறதுக்கு முன்னாடியே நான் வாக்குக் கொடுத்ததையும் சொல்லுங்க."

"சொன்னா அவளை விட்டுட்டு உங்களைப் பிடிப்பாங்க. வேற மடத்துக்கு, எங்கயாவது ஒரு மூலைக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பலாம்."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

 

"அப்ப அவளை மன்னிச்சிட்டீங்களா?"

"நான் யாரு மன்னிக்க? வெந்தது என் கால் இல்லையே."

செசில் முனகினான். கட்டு மாற்றும் நேரம். துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். பிரிக்கும்போது வீறிட்டு அழுவான். நேற்று அதைச் செய்த சிஸ்டர் இனி என்னால் ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மதர் வெந்நீர்க் கிண்ணத்தையும் புதுத் துணியையும் எடுத்து ஸ்டூலின்மேல் வைத்தார்.

"பிரகாசியை வரச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"கட்டு மாத்தணும்."

தெக்லா நகரவில்லை. "அவளையா? மதர், அவகிட்டயா அந்தக் காலைக் கொடுக்கப் போறீங்க?"

மதர் தொட்டிலுக்குள் குனிந்திருந்தார். குழந்தையின் முனகல் நிற்கும்வரை அப்படியே இருந்தார்.

"அந்தக் காலை இனிமே அவளைவிட மெதுவா இந்த வீட்ல யார் தொடுவாங்க, சிஸ்டர்?"